கேள்வி-பதில்: நாலு லட்ச ரூபாய்க் கண்ணீர்

கேள்வி: ‘ஸ்டார் வார்ஸ்’ விண்வெளிப் படங்களை வைத்து டிஸ்னி அமெரிக்காவில் நடத்திய ஹோட்டலை மூடியபோது ரசிகர்கள் கட்டிப்பிடித்து அழுதார்களாம். இன்னொரு கூட்டம் ‘நல்லா வேணும்’ என்று சிரித்ததாம். இரண்டு ராத்திரி தங்க நாலு லட்சம் கொடுக்க முடிந்தவர்கள் அழுவதெல்லாம் ஒரு செய்தியா? நீங்களாக இருந்தால் போயிருப்பீர்களா?
— ஒரு வாசகர், ஈரோடு

பதில்: முதலில் கணக்கைச் சரி செய்துகொள்வோம், அப்புறம் திட்டலாம். நீங்கள் சொல்லும் நாலு லட்சம் ஓர் அறைக்கு, இரண்டு பேருக்கு, இரண்டு இரவுக்கு. டாலரில் 4,809, அதுவும் ஆரம்ப விலை. மூன்று பெரியவர்களும் ஒரு குழந்தையுமாகப் போனால் 5,999 டாலர். சாப்பாடு அதிலேயே அடக்கம். மது, கடையில் வாங்கும் அங்கி, பொம்மை எல்லாம் தனி. விமானக் கட்டணம் உங்கள் தலையில். ஆக, விலை விஷயத்தில் உங்கள் கோபத்தில் நான் ஒரு ரூபாய்கூடக் குறைக்கப் போவதில்லை.

ஆனால் கேள்வியின் மற்ற பாதியோடு எனக்கு ஒப்புதல் இல்லை. அழுதவர்கள் ஒரு விடுதி அறைக்காக அழுததாக நினைத்துக் கேட்டிருக்கிறீர்கள். டிஸ்னியும் அப்படி நினைக்கும்படித்தான் அதை விற்றது. அங்கேதான் வினையே ஆரம்பம்.

‘ஸ்டார் வார்ஸ்: கேலக்டிக் ஸ்டார்குரூஸர்’ 2022 மார்ச் 1 அன்று ஃப்ளோரிடாவில் வால்ட் டிஸ்னி வேர்ல்ட் என்ற கேளிக்கைப் பூங்கா வளாகத்தில் திறந்தது. நூறே அறைகள். வெளியிலிருந்து பார்த்தால் சாம்பல் நிறத்தில் ஒரு பெரிய கிடங்கு. உள்ளே நுழைந்ததும் ஒரு சின்ன அறையில் நிற்க வைத்துக் கதவை மூடுவார்கள். தலைக்கு மேலே இருக்கும் திரையில் நட்சத்திரங்கள் வரும். கதவு மறுபடி திறக்கும்போது நீங்கள் ‘ஹால்சியன்’ என்ற விண்கப்பலில் இருப்பீர்கள். அதன் பிறகு இரண்டு நாளைக்கு ஃப்ளோரிடா கிடையாது. அறைகளில் நிஜ ஜன்னல் இல்லை, ஜன்னல் இருக்க வேண்டிய இடத்தில் திரை. கப்பல் வேகமெடுத்துத் தாவினால் எல்லா ஜன்னலிலும் ஒரே நேரத்தில் நட்சத்திரங்கள் கோடாக நீளும். காற்று வாங்க வேண்டும் என்றால் கூரையில்லாத சின்ன முற்றம் ஒன்று உண்டு. அதற்கும் ‘தட்பவெப்ப மாதிரிக்கூடம்’ என்ற தினுசில் ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மேலே தெரிவது அசல் ஃப்ளோரிடா வானம்தான், ஆனால் அதுவும் செயற்கை என்று நீங்கள் நம்ப வேண்டும். இந்தக் குறும்பு எனக்குப் பிடித்திருக்கிறது.

இதெல்லாம் செட். உயிர் நடிகர்களிடம் இருந்தது. எல்லாப் பயணிகளும் ஒரே நாளில் ஏறி, மூன்றாம் நாள் காலையில் ஒன்றாக இறங்குவார்கள். இடையில் கப்பலில் கலகக்காரர்களைத் தேடி ஓர் அதிகாரி திரிவார், பெயர் லெப்டினன்ட் க்ராய். கப்பல் மெக்கானிக் சாமி என்ற பையன் கலகக்காரர்கள் பக்கம். கேயா என்று ஒரு பாடகி, சாப்பாட்டுக் கூடத்தில் நீல நிற இறாலைத் தட்டில் வைத்துக்கொண்டு அவள் பாட்டைக் கேட்கலாம். நீங்கள் யார் பக்கம் நிற்கிறீர்கள், யாருக்கு உளவு சொல்கிறீர்கள் என்பது கைபேசிச் செயலி வழியாகவும் நேரில் பேசிய பேச்சின் வழியாகவும் முடிவாகும். முதல் நாள் மதியம் க்ராயிடம் நீங்கள் ஒரு பொய் சொன்னால், மறுநாள் காலையில் அவர் உங்கள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு அதே பொய்யைப் பற்றி விசாரிக்கலாம். கூச்ச சுபாவமுள்ள பையன் ஒருவன் கப்பலின் கட்டுப்பாட்டு அறையில் நின்று பீரங்கி சுடுவான், ஒளிவாள் பயிற்சி எடுப்பான், கடைசி இரவு படத்தின் நாயகி ரேயும் வில்லன் கைலோ ரென்னும் மோதும்போது ‘இதில் என் கையும் இருக்கிறது’ என்று நினைப்பான். நாற்பத்தைந்து வயதுப் பையன்களும் அப்படியே நினைத்தார்கள், அதைச் சொல்ல வெட்கப்படவும் இல்லை.

ஆக இது இரண்டு நாள் ஓடும் நாடகம். நடுவில் தூங்க இடம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். படம் தியேட்டரை விட்டுப் போனால் வீட்டில் பார்க்கலாம். இந்த நாடகத்தைப் பார்க்க வேறு வழியே இல்லை. 2023 செப்டம்பர் 28 அன்று கடைசிப் பயணம் கிளம்பி 30-ஆம் தேதி முடிந்தது. வேஷம் கட்டிக்கொண்டு வந்தவர்கள் நடிகர்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள் என்றால், தங்கள் பெயரை நினைவில் வைத்திருந்த மனிதர்களிடம் விடைபெற்றார்கள். இதைப் பணக்காரர்களின் பொழுதுபோகாத அழுகை என்று நான் சொல்ல மாட்டேன். கடன் அட்டையைத் தேய்த்து வந்தவர்களும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள்.

சரி, சிரித்தவர்கள் யார்? அவர்களையும் ஸ்டார் வார்ஸ் பிடிக்காதவர்கள் என்று நினைத்துவிடாதீர்கள். பெரும்பாலும் அவர்களும் ரசிகர்களே, வாசலுக்கு வெளியே நின்றவர்கள். இந்தக் கதையின் வேர் நீங்கள் சொல்லும் கண்ணீரில் இல்லை, 2017-இல் இருக்கிறது. அந்த ஆண்டு ஜூலையில் டிஸ்னி தன் ரசிகர் மாநாட்டில் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது. ஒன்று, சாதாரணப் பூங்கா டிக்கெட்டில் போகக்கூடிய ஸ்டார் வார்ஸ் பகுதி. அங்கே நீங்கள் படத்தில் வரும் மில்லேனியம் ஃபால்கன் விண்கப்பலை ஓட்டும் சவாரியில் அதை இடித்து நசுக்கிக் கொண்டுவந்தால் அந்தச் செய்தி உங்களுக்கு முன்னால் ஊருக்குள் போய்விடும், மதுக்கடையில் உங்களுக்குச் சிக்கல் காத்திருக்கும் என்றார்கள். இன்னொன்று இந்த ஹோட்டல். 2019-இல் பூங்காப் பகுதி திறந்தது. கட்டடம் பிரமாதம், சவாரிகள் பிரமாதம். ஆனால் உங்களை நினைவில் வைத்திருக்கும் ஊர் மட்டும் வரவில்லை. மூன்று வருடம் கழித்து அது வந்தது, ஹோட்டலுக்குள்ளே, 4,809 டாலருக்கு.

எல்லோருக்கும் என்று சொன்ன விருந்தைப் பிறகு நூறு அறைக்காரர்களுக்கு மட்டும் பரிமாறினால், பந்தி கலையும்போது வெளியே நின்றவன் சிரிக்கத்தான் செய்வான். அந்தச் சிரிப்பில் பொறாமை இருந்தது, மறுக்கவில்லை. நியாயமும் இருந்தது. உள்ளே போய் வந்த ரசிகர்கள் அதை ஒத்துக்கொள்ளாமல், ‘பார்க்காதவன் பேசாதே’ என்று ஓயாமல் மல்லுக்கு நின்றது எனக்கு எரிச்சலாக இருக்கிறது. பார்க்க முடியாத விலை வைத்ததுதானே புகார்! அந்தப் புகாருக்குப் பதில் சொல்லாமல், புகார் சொன்னவர்களின் வாயால்தான் கப்பல் மூழ்கியது என்று பேசுவது டிஸ்னிக்கு இலவச வக்கீல் வேலை பார்ப்பது.

விளம்பரமும் லட்சணமாக இல்லை. 2021 கடைசியில் ஒரு சின்னத்திரை நடிகரை அழைத்துக்கொண்டு ஹோட்டலைச் சுற்றிக்காட்டும் வீடியோ போட்டார்கள். மக்கள் சிரித்த சிரிப்பில் அதையே எடுத்துவிட்டார்கள். அறை, படுக்கை, மேஜை என்று காட்டினால் பார்ப்பவன் என்ன செய்வான்? அறை வாடகையோடு ஒப்பிட்டு, ‘இந்த விலைக்கு ஜன்னல்கூடக் கிடையாதா’ என்றுதான் கேட்பான். நீங்களும் ஈரோட்டிலிருந்து அதையே கேட்கிறீர்கள். தவறு உங்களுடையது அல்ல.

மூடப்போகிறோம் என்று 2023 மே 18 அன்று அறிவித்ததும் காரணங்கள் கிளம்பின. அதே நாளில் ஃப்ளோரிடாவின் லேக் நோனாவில் கட்டவிருந்த பெரிய அலுவலக வளாகத்தையும் டிஸ்னி கைவிட்டது. மாநில ஆளுநரோடு அப்போது நீதிமன்றச் சண்டை வேறு. உடனே ‘இது அரசியல்’ என்றார்கள் சிலர். வேறு சிலர், டிஸ்னியின் தலைவராக இருந்து வெளியேறிய பாப் சேபெக் செய்த கோளாறு என்றும் அவருக்கு முன்பு தலைவராக இருந்த பாப் ஐகர் திரும்பி வந்து துடைத்தார் என்றும் தீர்ப்பு எழுதினார்கள். 2017-இல் மேடையில் நின்று அறிவித்தவர் சேபெக்தான், ஆனால் அன்று கம்பெனியின் தலைவர் நாற்காலியில் இருந்தது ஐகர். மாமியார் உடைத்தால் மண்குடம்!

எனக்குத் தெரிந்த காரணம் சாதாரணமானது. எந்தப் பயணமும் ஒரே கதைதான். கிளைகள் மாறும், முடிவு மாறாது. திரும்பத் திரும்ப வரும் வெறியர்கள் உண்டு, ஆனால் அவர்களை வைத்து மட்டும் வருஷம் முழுக்க நூறு அறைகளை நிரப்ப முடியாது. ஒவ்வொரு பயணத்துக்கும் புதுசாக நூறு குடும்பங்கள் வேண்டும், அத்தனை பேருக்கும் அத்தனை பணமும் வேண்டும். அறை பாதி காலி என்றாலும் நடிகர், சமையல்காரர், விளக்குக்காரர் எல்லோரும் முழுசாக வேண்டும். 2023 தொடக்கத்திலேயே, அந்த ஆண்டு அக்டோபரிலிருந்து பயணங்களைக் குறைக்கப்போவதாகச் செய்தி வந்துவிட்டது. கேளிக்கைப் பூங்காத் தொழிலில் பெரிதாக மதிக்கப்படும் தியா விருதும் இந்தக் கப்பலுக்குக் கிடைத்தது. விருது அறையில் வந்து தங்காது.

மூடல் செய்தி வந்த கையோடு புது முன்பதிவை நிறுத்தி, ஏற்கெனவே பிந்தைய தேதிகளுக்குப் பதிவு செய்தவர்களுக்கு இடம் மாற்றித் தந்த பிறகே மே 26 அன்று முன்பதிவை மறுபடி திறந்தார்கள். அதில் ஒரு வேடிக்கை: விலைக்குப் பயந்து தள்ளிப் போட்டவர்களும் அப்போது அடித்துப் பிடித்துக்கொண்டு பதிவு செய்தார்கள். பொருள் போகப்போகிறது என்றால் நமக்கு வரும் அவசரம் எல்லா ஊரிலும் ஒன்றுதான்.

‘சாதாரண ஹோட்டலாகவாவது நடத்தியிருக்கலாமே’ என்று ரசிகர்கள் கேட்டார்கள், கேட்பதற்கு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நடிகர்களை அனுப்பிவிட்டால் மிச்சம் என்ன? ஜன்னல் இல்லாத நூறு அறை. நீச்சல் குளம் இல்லை. ஃப்ளோரிடா வெயிலுக்கு வரும் குடும்பத்திடம் இதைக் காட்டினால் அது கல்யாண மண்டபத்தை வாடகைக்கு எடுத்துவிட்டு, மேளக்காரரையும் சமையல்காரரையும் வேண்டாம் என்று சொல்லி, உள்ளே போய்ப் படுத்துக்கொள்வது போலத்தான் இருக்கும். டிஸ்னி கட்டடத்தின் மதிப்பைத் தேய்மானமாகக் கணக்கில் எழுதிக்கொண்டு கதவைச் சாத்தியது. பூங்காக்களை வடிவமைக்கும் அதன் சொந்த ஊழியர்களுக்கு அலுவலகமாக அந்தக் கட்டடம் பயன்படப்போவதாகப் பிறகு செய்தி வந்தது. ஜன்னல் இல்லாத கட்டடத்தில் மனிதர்களை உட்கார வைக்க ஏற்ற காரியம் அலுவலகம்தான் என்று யாரோ சரியாகக் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

2024 மே மாதத்தில், அங்கே தங்கி வந்த ஒரு யூடியூபர் நாலு மணி நேரத்துக்கு மேல் ஓடும் வீடியோ வெளியிட்டார். ரசிகர்களின் சண்டை அத்தோடு இரண்டாம் ஆட்டத்துக்கு வந்தது. அவருக்குச் செயலி சரியாக வேலை செய்யவில்லை, கதை அவரைக் கண்டுகொள்ளவில்லை. பாடகியின் கச்சேரி நடந்த இரவு உணவுக்குத் தூணுக்குப் பின்னால் இடம் கிடைத்தது. கப்பலை நேசித்தவர்கள், ‘அது அவருடைய துரதிர்ஷ்டம், எங்களுக்கு அப்படி நடக்கவில்லை’ என்றார்கள். நடந்திருக்காது, நம்புகிறேன். ஆனால் நூறு ரூபாய் டிக்கெட்டில் தூண் மறைத்தால் எட்டிப் பார்த்துக்கொள்ளலாம், நாலு லட்சத்தில் தூண் மறைத்தால் வழக்குப் போடத் தோன்றும். அழுதவர்கள் சொன்ன அற்புதமும் உண்மை, அந்த வீடியோ சொன்ன அலட்சியமும் உண்மை. இரண்டும் ஒரே கப்பலில், பக்கத்துப் பக்கத்து மேஜையில் நடந்திருக்கிறது.

நான் போயிருப்பேனா என்று கேட்டீர்கள். ஒரே ஒரு சாயங்காலத்துக்கு டிக்கெட் வைத்து, க்ராயிடம் பொய் சொல்லி மாட்டிக்கொள்ள விட்டு, ராத்திரி பத்து மணிக்கு வீட்டுக்கு அனுப்பினால் போயிருப்பேன். டிஸ்னி அப்படி ஒரு டிக்கெட் வைக்கவே இல்லை.