கடல் ஏற்றம் எட்டும் ஆற்றில் நன்னீர் எந்த இடத்தில் உப்புநீராகிறது?

கோடு கிழித்துக் காட்டக்கூடிய இடம் எதுவும் இல்லை. அந்த எல்லை நகர்ந்துகொண்டே இருக்கும். நியூயார்க்கின் ஹட்சன் ஆற்றையே பாருங்கள். கடல் ஏற்ற இறக்கம் முகத்துவாரத்திலிருந்து சுமார் 245 கி.மீ. உள்ளே, டிராய் அணை வரை தெரியும். ஆனால் உப்பு அவ்வளவு தூரம் போவதில்லை. பலரும் குழம்புவது இங்கேதான்: ஏற்றத்தின்போது கடலிலிருந்து உள்பக்கமாகத் தள்ளப்படுவது பெரும்பாலும் ஆற்றின் நன்னீர்தான்.

சரி, உப்பு எதுவரை போகும்? அதை ஆற்றின் வரத்துதான் தீர்மானிக்கிறது. வசந்தத்தில் பனி உருகி வெள்ளம் வரும்போது உப்பு கடல் பக்கம் ஒதுங்கிவிடும். கோடையில் வரத்து குறைந்தால் மெல்ல மேலேறும். 1960களின் கடும் வறட்சியில் முகத்துவாரத்திலிருந்து சுமார் 120 கி.மீ. தள்ளியிருக்கும் போக்கிப்சி வரை வந்துவிட்டது. அந்த ஊர் குடிப்பதே ஆற்றுத் தண்ணீரைத்தான் என்பதால் இது சின்ன விஷயமில்லை.

ஹட்சனில் லிட்டருக்கு 100 மி.கி. குளோரைடு (உப்பின் ஒரு கூறு) இருக்கும் இடத்தையே உப்பு முனையாக, அதாவது உப்பு எட்டும் எல்லையாகக் கணக்கிடுகிறார்கள். கடல்நீரில் அது சுமார் 19,000 மி.கி. அப்புறம் இன்னொன்று: உப்புநீர் கனமானது, அடியில்தான் அதிகம் இருக்கும். மேல்தண்ணீரை மட்டும் அள்ளிச் சுவைத்து முடிவுகட்ட வேண்டாம்.