தழும்பு தணிய ஓராண்டு ஆகும்

அறுவை சிகிச்சைத் தழும்புகளைப் பற்றி வந்த கடிதங்களில் நான்கை எடுத்துக்கொண்டு இம்மாதம் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: டாக்டர் அவர்களுக்கு வணக்கம். எனக்கு இரண்டாவது குழந்தை சிசேரியனில் பிறந்து பத்து வாரங்கள் ஆகின்றன. முதல் மாதம் மெல்லிய கோடாக இருந்த தழும்பு இப்போது சிவந்து, தடித்து, அரிக்கிறது. புண் சீழ் பிடிக்கும் என்று மாமியார் சொன்னதால் முட்டை, மீன், பருப்பு எல்லாவற்றையும் நிறுத்தியிருக்கிறேன். அப்படியும் ஏன் இப்படி ஆனது?
– வாசகி, கரூர்

பதில்: உங்கள் தழும்பில் தவறு எதுவும் நடந்ததாகத் தெரியவில்லை, அம்மா. வெட்டுப்பட்ட தோலை மூடுவதற்காக உடல் முதல் சில வாரங்களில் கொலாஜன் என்னும் நார்ப்பொருளை அவசர அவசரமாக, ஒழுங்கு பார்க்காமல் அடுக்குகிறது. அதற்குத் தேவையான இரத்தத்தைக் கொண்டுவரப் புதிய நுண்குழாய்களும் அங்கே முளைக்கின்றன. அதனால்தான் இரண்டாம், மூன்றாம் மாதங்களில் பெரும்பாலான தழும்புகள் முன்பைவிடச் சிவந்தும் தடித்தும் தெரிகின்றன. அதன் பிறகே உடல் நிதானமாக அந்த நார்களைப் பிரித்து, சீராக அடுக்கி, தேவையற்ற இரத்தக்குழாய்களை மூடத் தொடங்குகிறது. இந்த வேலை முடிய 12 முதல் 18 மாதங்கள் வரை ஆகலாம் என்பதால், பத்தாவது வாரத்தில் தெரியும் தோற்றத்தை வைத்து முடிவுக்கு வர வேண்டாம். மாதம் ஒருமுறை, ஒரே இடத்தில் ஒரே வெளிச்சத்தில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் மாற்றம் உங்களுக்கே புலப்படும்.

காத்திருக்கும் காலத்தில் நீங்கள் செய்யக்கூடியவற்றுள் முதலாவது, தழும்பின் மேல் ஒட்டும் தாளாகவோ தடவும் ஜெல்லாகவோ பயன்படுத்தும் சிலிகோன். தழும்பின் மேல்தோலில் ஈரம் வற்றாமல் காப்பதன் மூலம், கொலாஜன் அளவுக்கு மீறிச் சேர்வதை அது தணிக்கிறது. சிலிகோன் தாளாக ஒட்டினால் ஒரு நாளில் குறைந்தது 12 மணி நேரமாவது இருக்க வேண்டும். மூன்று மாதங்களுக்குக் குறையாமல் தொடர வேண்டும். ஆனால் நம் ஊர் வெயிலில் அடிவயிற்று மடிப்பில் தாளை ஒட்டினால் வியர்த்து வேர்க்குரு வந்துவிடுவதை அடிக்கடி பார்க்கிறேன். அப்படி வருபவர்கள் காலையும் இரவும் சிலிகோன் ஜெல்லை மெல்லிய படலமாகத் தடவி, அது உலர்ந்த பிறகு உடுத்திக்கொள்வதே வசதியானது. பாவாடை நாடாவோ உள்ளாடையின் எலாஸ்டிக்கோ தழும்பின் மீது உரசாதபடி சற்று மேலே தள்ளிக் கட்டுங்கள். இடைவிடாத உரசல் தழும்பைத் தணியவே விடாது.

இரண்டாவது, நீவுதல். புண் முழுமையாக ஆறி, பொருக்கு உதிர்ந்த பிறகே இதைத் தொடங்க வேண்டும். விரல் நுனியால் அழுத்தும்போது தழும்பின் சிவப்பு ஒரு கணம் வெளிற வேண்டும். அந்த அழுத்தத்தோடு வட்டமாகவும் மேலும் கீழுமாகவும் ஐந்து முதல் பத்து நிமிடம், நாளுக்கு இரண்டு முறை நீவிவிடுங்கள். விரல் வழுக்கத் தேங்காய் எண்ணெயே போதும், ஏனெனில் பலன் தருவது உங்கள் விரலின் அழுத்தம்தான். பிரசவமாகி நான்கு மாதம் கழித்து என்னிடம் வந்த ஓர் இளம் தாய், அதுநாள் வரை குளிக்கும்போதுகூடத் தன் தழும்பைத் தொட்டதில்லை என்றார். அவர் கையைப் பிடித்து அங்கே வைத்தபோது விரல்கள் இரண்டு முறை பின்வாங்கின. தழும்பைச் சுற்றி உணர்ச்சி மரத்திருந்ததே அந்த அச்சத்துக்குக் காரணம். வெட்டுப்பட்ட நுண்நரம்புகள் மெல்ல மெல்ல வளர்வதால் இந்த மரமரப்பு பலருக்கு மாதக்கணக்கில் நீடிக்கும், அஞ்சாதீர்கள்.

பத்தியத்தைப் பற்றி உறுதியாகச் சொல்கிறேன்: இன்றைக்கே நிறுத்திவிடுங்கள். முட்டையாலும் மீனாலும் பருப்பாலும் புண் சீழ் பிடிப்பதில்லை. சீழுக்குக் காரணம் கிருமி. தோல் தன்னைத் தைத்துக்கொள்ளும் நூலே புரதம்தான், அதிலும் நீங்கள் பாலூட்டும் தாய். கொலாஜன் உருவாக வைட்டமின் சி தேவை. நெல்லிக்காயும் கொய்யாவும் அதைத் தாராளமாகத் தரும். உங்கள் மாமியார் அக்கறையால்தான் சொல்லியிருக்கிறார். அவரையும் அழைத்துக்கொண்டு உங்கள் மருத்துவரிடம் ஒருமுறை போய் வாருங்கள்.

தழும்பில் நீர் கசிந்தாலோ, சிவப்பு சுற்றிலும் பரவிக் காய்ச்சல் வந்தாலோ, இருமும்போது அந்த இடம் புடைத்தாலோ தாமதிக்காமல் மருத்துவரைப் பாருங்கள். மாதவிலக்கு நாள்களில் மட்டும் தழும்பில் கட்டி போலத் திரண்டு வலித்தால் அதையும் சொல்லுங்கள். கருப்பையின் உட்சவ்வுத் திசு தழும்பில் தங்கி வளர்வதால் சிலருக்கு அப்படி நேர்வதுண்டு.

கேள்வி: என் தந்தைக்கு வயது 58, சர்க்கரை நோய் உண்டு. ஒன்றரை ஆண்டுக்கு முன் பைபாஸ் அறுவை சிகிச்சை நடந்தது. நெஞ்சில் இருந்த தழும்பு தையல் கோட்டையும் தாண்டி இருபுறமும் நண்டுக்கால் போலப் பரவுகிறது. இரவெல்லாம் அரிப்பும் எரிச்சலும். வெட்டி எடுத்துவிடலாமா?
– வாசகர், தூத்துக்குடி

பதில்: வெட்டி எடுப்பதை மட்டும் தனிச் சிகிச்சையாகச் செய்யக் கூடாது. தடித்தாலும் தையல் கோட்டுக்குள்ளேயே நிற்கும் தழும்பு காலப்போக்கில் பெரும்பாலும் தானாக அமுங்கும். கோட்டைத் தாண்டி நல்ல தோலுக்குள் பரவுவது கீலாய்டு, அது தானாக அடங்குவது அரிது. நீங்கள் எழுதியிருப்பது கீலாய்டு போலவே இருக்கிறது. நெஞ்சின் நடுப்பகுதியில் தோல் எப்போதும் இருபுறமும் இழுபட்டுக்கொண்டே இருப்பதால் அது அங்கே எளிதில் வருகிறது. தோள்பட்டை, காது மடல், தாடையோரம் ஆகியவையும் அத்தகைய இடங்களே. அறுவை மட்டும் செய்தால் பாதிப் பேருக்கோ அதற்கும் மேலானவர்களுக்கோ மீண்டும் வருகிறது, சிலருக்கு முன்பைவிடப் பெரிதாக.

முதல் சிகிச்சை, தழும்புக்குள்ளேயே போடும் டிரையாம்சினலோன் என்னும் ஸ்டீராய்டு ஊசி. நான்கு முதல் ஆறு வாரங்களுக்கு ஒருமுறை என்று பல தடவை போட வேண்டியிருக்கும். ஊசி வலிக்கும் என்பதை உங்கள் தந்தையிடம் மறைக்காமல் முன்பே சொல்லிவிடுங்கள். அரிப்பும் எரிச்சலும் முதலில் குறையும். தடிப்பு பிறகே அமுங்கும். ஊசி போட்ட இடம் வெளிறவோ மெலியவோ கூடும். சர்க்கரை நோயாளிகளுக்குச் சில நாள் சர்க்கரை ஏறலாம் என்பதால் அந்த நாள்களில் அளவைக் கட்டாயம் பார்த்துக்கொள்ள வேண்டும். ஊசிக்கு அடங்காதபோது, கடுங்குளிரால் தழும்பை உறையவைக்கும் உறைகுளிர் சிகிச்சையும், வெட்டி எடுத்த உடனே கதிர்வீச்சு கொடுப்பதும் உண்டு. இந்த இயல்பு குடும்பத்தில் வரக்கூடியது. உங்களுக்கோ பிள்ளைகளுக்கோ அறுவை சிகிச்சையோ காது குத்தோ நடக்குமுன் இதைச் சொல்லிவிடுங்கள்.

கேள்வி: வைட்டமின் ஈ மாத்திரையை உடைத்துத் தடவினால் தழும்பு மறையுமா? எலுமிச்சைச் சாறும் நல்லது என்கிறார்களே?
– வாசகி, மதுரை

பதில்: இரண்டும் வேண்டாம். 1999-இல் வெளியான சிறிய அமெரிக்க ஆய்வொன்றில், அறுவைத் தழும்பில் வைட்டமின் ஈ தடவியவர்களுக்குப் பலன் தெரியவில்லை. மூன்றில் ஒரு பங்கினருக்கு ஒவ்வாமைத் தடிப்பே வந்தது. எலுமிச்சைச் சாறு பட்ட தோலில் வெயில் விழுந்தால் வெந்து, கருத்துப்போகும். சாறு வழிந்த தடமெல்லாம் கறுப்புக் கோடுகளாக நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மருத்துவர் சொல்லாமல் மருந்துக் கடையில் வாங்கும் ‘சிவப்பழகு’க் களிம்புகளில் ஸ்டீராய்டு கலந்திருப்பதுண்டு, அதையும் தொடாதீர்கள்.

கேள்வி: என் 24 வயது மகளுக்கு அடுத்த மாதம் தைராய்டு அறுவை சிகிச்சை. அதன்பின் ஐந்தாம் மாதம் திருமணம். கழுத்தில் தழும்பு தெரியுமே என்று அழுகிறாள். லேசர் செய்துவிடலாமா?
– வாசகி, ஈரோடு

பதில்: கழுத்தில் இயற்கையாக உள்ள தோல் மடிப்பிலேயே வெட்டு அமையுமாறு மருத்துவர்கள் பார்த்துக்கொள்கிறார்கள், பெரும்பாலோருக்கு ஓராண்டில் அது மடிப்போடு மடிப்பாகக் கலந்துவிடும். அறுவைக்கு முன் மகளை நிமிர்ந்து உட்காரவைத்து மடிப்பைக் குறித்துக்கொள்ளும்படி மருத்துவரிடம் தயங்காமல் கேளுங்கள். திருமணத்துக்காக அவசரப்பட்டு லேசர் செய்ய வேண்டாம் என்பதே என் கருத்து. மாநிறத் தோலில் அளவு சற்றுத் தவறினாலும் கருந்திட்டு விழுந்து, தழும்பைவிட அதுவே மாதக்கணக்கில் எடுப்பாகத் தெரியும். தையல் நன்றாக ஆறியதும் சிலிகோன் ஜெல்லும், வெளியே போகும்போது, வெயிலைத் தடுக்கும் திறனைக் காட்டும் எஸ்.பி.எஃப். எண் 30-க்குக் குறையாத சன்ஸ்கிரீனும் போடட்டும். துப்பட்டாவால் கழுத்தை மூடிக்கொள்ளட்டும். ஐந்தாம் மாதத்தில் சிவப்பு மிச்சமிருந்தாலும் ஆறிய தழும்பின் மேல் ஒப்பனை செய்வதில் தடையில்லை. கழுத்தை ஒட்டிக் கிடக்கும் அட்டிகை மட்டும் தழும்பில் உரசும். அதை முகூர்த்தத்துக்கு அணிந்துவிட்டு அன்றே கழற்றி வைத்துவிடச் சொல்லுங்கள்.