குவாகுவா என்றால் பஸ்ஸா, குழந்தையா?

கேள்வி: ஸ்பானிய மொழி பேசும் நாடுகளில் எல்லாம் ஒரு சொல்லுக்கு ஒரே பொருள்தானா?
– வாசகர், அம்பாசமுத்திரம்

பதில்: இல்லை. 'குவாகுவா' என்றால் கியூபாவிலும் கேனரி தீவுகளிலும் பஸ். சிலியில் அதுவே கைக்குழந்தை. குழந்தையைக் குறிக்கும் இந்தச் சொல், ஆண்டிஸ் மலைநாட்டுக் கெச்சுவா மொழி கொடுத்தது.

நம் தமிழிலும் இப்படித்தான். பாளையங்கோட்டையில் அப்பா குளித்துவிட்டு, கொடியில் கிடக்கும் கட்டம்போட்ட லுங்கியைக் காட்டி, "ஏலே, அந்தச் சாரத்த எடுத்தா" என்பார். பிழைப்புக்குச் சென்னை போனேன். அங்கே மேஸ்திரி "சாரம் கட்டுங்க" என்றார். பார்த்தால் சவுக்குக் கம்பும் கயிறும்! அப்பா ஞாபகம் வந்து தொண்டை அடைத்துவிட்டது.

நம் திருநெல்வேலிப் பேச்சைக் கொச்சை என்றால் நான் ஒப்பமாட்டேன். சிலித் தாயிடம் போய், பிள்ளையைக் குவாகுவா என்று கூப்பிடாதே என்று சொல்ல முடியுமா?