எதையாவது உடைத்தால் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்

தம்பி, திருநெல்வேலியில் இயந்திரப் பொறியியல் முடித்துவிட்டு, வரும் அக்டோபரில் ஜப்பானின் செண்டாய் நகரில் ஒரு ரோபோ ஆய்வுக்கூடத்தில் சேரப் போவதாக எழுதியிருக்கிறீர்கள். வாடகை எவ்வளவு ஆகும், சைவச் சாப்பாடு கிடைக்குமா, ஜப்பானிய மொழி தெரியாமல் காலம் தள்ள முடியுமா, ஊரிலிருந்து கருவிகள் கொண்டுவர வேண்டுமா, ஆய்வுக்கூடத்தில் முதல் சில மாதங்கள் எப்படி இருக்கும் என்றெல்லாம் கேட்டிருக்கிறீர்கள். வாடகையைப் பற்றிப் பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகமே சொல்லிவிடும். அரிசியும் குக்கரும் இருந்தால் சாப்பாட்டுக்குக் குறைவில்லை. கடைசிக் கேள்விக்காகத்தான் இதை எழுத உட்கார்ந்தேன். 2006-ல் நான் வந்து இறங்கியபோது அதை எனக்குச் சொல்ல ஆள் இல்லை.

சேர்ந்து இரண்டாவது மாதம். ரோபோ கையின் மணிக்கட்டுக்கும் அதன் பிடிப்பானுக்கும் நடுவில் ஆறு அச்சு விசை உணரி ஒன்றைப் பொருத்தும் வேலையை என்னிடம் கொடுத்தார்கள். உள்ளங்கையில் அடங்கும் உலோக வட்டு அது. விலையோ என்னுடைய பல மாத உதவித்தொகை. அதனுள்ளே மெல்லிய பாலங்களும் அவற்றின்மேல் ஒட்டிய ஸ்ட்ரெயின் கேஜுகளும், அதாவது வளைவை அளக்கும் மெல்லிய பட்டைகளும், இருக்கும். விசை பட்டால் பாலம் கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். அந்த வளைவைத்தான் கருவி எண்ணாக மாற்றித் தரும். அதனால் போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக, திரையில் அளவீட்டைப் பார்த்துக்கொண்டே முடுக்க வேண்டும். நான் நீளமான ஆலன் கீயை எடுத்து, ஊரில் பம்புசெட் ஃபிளாஞ்சை முடுக்குவதைப் போல, ஒவ்வொரு போல்ட்டையும் ஒரே மூச்சில் கடைசிவரை முடுக்கிவிட்டேன். பிறகு பார்த்தால், எதுவும் தொடாமலே திரையில் பூஜ்யத்துக்குப் பதில் வேறோர் எண் நின்றது. மென்பொருளில் அதைப் பூஜ்யமாக்கிவிட்டு, யாரிடமும் சொல்லாமல் அறைக்குப் போய்விட்டேன்.

அடுத்த இரண்டு இரவும் என் செம்பாய், அதாவது எனக்கு மூத்த மாணவர், தன் கட்டுப்பாட்டு நிரலில்தான் பிழை இருக்கிறது என்று நம்பி வரி வரியாகத் தேடியிருக்கிறார். மாநாட்டுக் கட்டுரைக்குக் கெடு நெருங்கிக்கொண்டிருந்தது. மூன்றாம் நாள் காலையில் நான் போனபோது, அச்செடுத்த நிரல் தாள்களின்மேல் தலை வைத்துத் தூங்கிக்கொண்டிருந்தார்; தாள் முழுக்கச் சிவப்பு மையில் வட்டங்கள். அவரை எழுப்பிச் சொன்னேன். திட்டவில்லை. "எப்போது?" என்று மட்டும் கேட்டார். பிறகு என்னோடு பேராசிரியர் அறைக்கு வந்து, எனக்கு முன்பாகத் தான் தலை குனிந்து மன்னிப்புக் கேட்டார். உணரி போனதைப் பற்றிப் பேராசிரியர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. ஏன் மூன்றாம் நாள் சொல்கிறாய் என்பதுதான் அவர் கேட்ட ஒரே கேள்வி. அதற்கு என்னிடம் பதில் இல்லை. ஊரில் கல்லூரி ஆய்வகத்தில் ஒரு மல்டிமீட்டர் பழுதானால் அபராதமும் வசவும்தான் கிடைக்கும் என்று பழகிய பயம் அது. கடல் தாண்டி அதையும் சுமந்து வந்திருந்தேன்.

இங்கே 'ஹோ-ரென்-ஸோ' என்று ஒரு சொல் அடிக்கடி காதில் விழும். அறிவித்தல், தகவல் தருதல், கலந்தாலோசித்தல் என்ற மூன்று ஜப்பானியச் சொற்களின் முதலெழுத்துகளைச் சேர்த்தது. பசலைக்கீரைக்கும் அதே உச்சரிப்பு என்பதால் எளிதில் மனத்தில் நிற்கும். இதை வெறும் அலுவலகச் சடங்கு என்று ஒதுக்கிவிடாதீர்கள். 2011-ல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடத்துக்குள் அனுப்பப்பட்ட க்வின்ஸ் என்ற மீட்பு ரோபோவை உருவாக்கியவர்களில் நீங்கள் போகும் ஊரின் தொஹோகு பல்கலைக்கழகமும் உண்டு. சிபா தொழில்நுட்பக் கழகம் அதில் முதன்மையாக இருந்தது. அந்த அக்டோபரில் இரண்டாம் உலையின் மூன்றாம் மாடியில் தொடர்புக் கேபிள் பழுதாகி, ரோபோ அங்கேயே நின்றுவிட்டது. அதை அவர்கள் மறைக்கவில்லை. என்ன நடந்தது என்பதைக் கட்டுரைகளாகவே எழுதி வெளியிட்டார்கள், 2012-ல் மாற்றங்களோடு அடுத்த இரண்டு க்வின்ஸ்களும் உள்ளே போயின. தோல்வியைத் துல்லியமாக எழுதி வைப்பதும் இந்தத் துறையில் ஆராய்ச்சிதான்.

மொழியைப் பற்றிக் கேட்டீர்கள். ஆங்கிலம் போதும் என்று சொல்லும் நம்மவர்கள் பலரைச் சந்திப்பீர்கள். தயவுசெய்து அவர்கள் பேச்சைக் கேட்காதீர்கள். கட்டுரை எழுத ஆங்கிலம் போதும் என்பது உண்மைதான். ஆனால் பட்டறையில் லேத் முன்னால் நிற்கும் தொழில்நுட்பரிடம் உங்கள் வரைபடத்தில் எந்த அளவு முக்கியம், எது கொஞ்சம் கூடக் குறைய இருக்கலாம் என்று விளக்க அது உதவாது. மூன்று ஆண்டு இங்கே இருந்துவிட்டு, ஒரு துளை போட்டுத் தரும்படி கேட்கத் தெரியாமல் ஊர் திரும்பியவர்களை எனக்குத் தெரியும். வார இறுதி முழுவதையும் நம் ஆட்களோடு மட்டுமே கழித்ததன் பலன் அது. நான் முதல் குளிர்காலம் முழுவதும் பட்டறைக்காரரிடம் தினம் பத்து நிமிடம் பேசியே மொழி கற்றேன். இப்போது நகோயா பக்கம் ஒரு தொழிற்சாலையில் புதிதாகச் சேரும் ஜப்பானிய இளைஞர்களுக்கு அவர்கள் மொழியிலேயே பயிற்சி கொடுக்கிறேன்; அதில் எனக்குப் பெருமை உண்டு.

நிரல் மட்டும் எழுதுவேன், இரும்பைத் தொடமாட்டேன் என்ற எண்ணம் இருந்தால் அதையும் ஊரிலேயே விட்டுவிடுங்கள். மெக்கட்ரானிக்ஸ் என்ற சொல்லே 1969-ல் யாஸ்காவா நிறுவனத்துப் பொறியாளர் தெத்சுரோ மோரி உருவாக்கியது. இயந்திரத்தையும் மின்னணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பதுதான் அதன் பொருள். அரம் பிடிக்கவும் ஈயப்பற்று வைக்கவும் உங்களுக்குக் கற்றுத் தருவார்கள்.

கருவிகள் வேண்டாம். சென்னை ரிச்சி தெருவில் வாங்கி வந்த 230 வோல்ட் சால்டரிங் அயர்னை இங்குள்ள 100 வோல்ட்டில் செருகினேன். மின்னழுத்தம் இப்படிப் பாதிக்கும் கீழே இறங்கினால், வர்க்கக் கணக்குப்படி வெப்பம் ஐந்தில் ஒரு பங்குகூட வராது என்பது கணக்குத் தெரிந்தவனுக்கு முன்பே புரிந்திருக்க வேண்டும். ஈயம் உருகவே இல்லை.

வருவதற்கு முன் 'ஹிஜோ தெய்ஷி' என்ற சொல்லைப் படித்துக்கொள்ளுங்கள். அவசர நிறுத்தம் என்று பொருள். சேர்ந்த முதல் நாளே அந்தச் சிவப்புப் பொத்தான்கள் அறையில் எங்கெங்கே இருக்கின்றன என்று எண்ணிவிடுங்கள். எங்கள் கூடத்தில் நான்கு இருந்தன. கதவுக்குப் பின்னால் இருந்த நான்காவதை நான் கவனிக்க மூன்று வாரம் ஆயிற்று.