மாட்டுச்சந்தைல போட்டோ எடுக்கறதுக்கு ஒரு படிப்பா?

ப்ளஸ் டூக்கு அப்பறம் என்ன படிக்கலாம்னு என்கிட்ட யோசனை கேக்க போன வாரம் வெள்ளகோவில் பக்கத்துல இருந்து ஒரு குடும்பம் வந்திருந்தாங்க. அப்பா, அம்மா, ப்ளஸ் டூ முடிச்ச பொண்ணு, கூடவே அம்மாவோட தம்பி. மாமா வந்து உக்காந்தாருன்னாலே எனக்கு தெரிஞ்சிரும், இன்னைக்கு பேச வேண்டியது பொண்ணுகிட்ட இல்லன்னு.

அப்பா தான் ஆரம்பிச்சாரு. பாப்பா போட்டோகிராபி படிக்கணுங்கறா, அதுவும் கல்யாண போட்டோ சினிமா போட்டோன்னா கூட பரவால்ல, கண்ணபுரம் சந்தை, அந்தியூர் சந்தை, தேர்க்கடை, ராட்டினம் இதெல்லாம் எடுக்கணும்னு சொல்றா, சொந்தக்காரங்க எல்லாம் சிரிக்கறாங்க, என்ன பண்றதுன்னே தெரியலீங்க சார்னாரு. மொத அஞ்சு நிமிஷம் நானும் வழக்கம் போல, இந்த வயசுல ஆசை மாறும், அவசரப்பட வேண்டாம், டீ சாப்பிடுங்கன்னு தான் பேசிட்டு இருந்தேன். அப்பறம் மாமா ஒரு வார்த்த சொன்னாரு. "மாட்ட போட்டோ புடிக்க ஒரு படிப்பா? கோயமுத்தூர்ல மேனேஜ்மென்ட் கோட்டால சிஎஸ் பேசி வெச்சிருக்கேன், ஹாஸ்டலோட சேத்து நாலு வருஷத்துக்கு 14 லட்சம், முடிச்சா ஐடி கம்பெனி." அதோட ஆறுதல் பேச்ச நிறுத்திட்டேன்.

ஏன்னா அந்த பொண்ணு ஆறாவதுல இருந்து ப்ளஸ் டூ வரைக்கும் அரசு பள்ளிக்கூடம். அரசு பள்ளி பிள்ளைங்களுக்கு இன்ஜினியரிங்ல 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கு, அதுல கவுன்சிலிங் வழியா சீட் எடுத்தா படிப்பு பீஸ், ஹாஸ்டல் பீஸ் எல்லாம் கவர்மென்ட்டே கட்டுது. இது தெரியாம 14 லட்சம் கட்ட தலையாட்டிட்டு வந்திருக்காரு மனுஷன். சிஎஸ் தான் வேணும்னாலே அதுக்கு காசு குடுக்கறது தப்பு, பொண்ணுக்கு பிடிக்காத சிஎஸ்ஸுக்கு காசு குடுக்கறத என்னன்னு சொல்றது? கணக்கு போட்டே காட்டினேன். 10 லட்சம் கடன், பத்தரை சதவீத வட்டி, பத்து வருஷம்னா மாசம் 13,500 கிட்ட கட்டணும். அதுக்கு மேல நாலு லட்சம் கைல இருந்து போகும். தோட்டத்து பத்திரத்த வெச்சிக்கலாம்னு அப்பா மெதுவா சொன்னாரு. வெக்காதீங்கன்னு அங்கயே சொல்லிட்டேன். இந்த ஒரு விஷயத்துல நான் யாருக்காகவும் வளைஞ்சு பேசறதில்ல, வேற யாரோ ஆசைப்படற படிப்புக்காக பத்திரம் பேங்க்குக்கு போகக்கூடாது.

அதே மாதிரி இன்னொரு பக்கமும் சொல்லிக்கறேன். பொண்ணு போன்ல ஒரு பிரைவேட் போட்டோகிராபி இன்ஸ்டிட்யூட் விளம்பரம் காட்டுச்சு, ஒரு வருஷ டிப்ளமோ, ஏழு லட்சம். அதுவும் வேண்டாம். எட்டு ஒம்பது வருஷத்துக்கு முன்னாடி ஒரு பையன நானே அந்த மாதிரி ஒரு இடத்துக்கு அனுப்பி வெச்சேன், எந்த இடம்னு சொல்ல வேண்டாம், வருஷம் பூரா ஸ்டுடியோ லைட்டுக்கு கீழ ஷாம்பு பாட்டில எடுத்துட்டு வந்தான், கடன் கட்டி முடிக்க அவனுக்கு நாலு வருஷம் ஆச்சு. அந்த தப்பு என்னோடது, அதனால தான் இவ்வளவு அடிச்சு சொல்றேன்.

சரி, பொண்ணுக்கு நெஜமாவே இதுல பிடிப்பு இருக்கா இல்ல இன்ஸ்டா மோகமா? அத பாக்காம வழி சொல்ல முடியாது. சித்திரைல கண்ணபுரத்துல எடுத்த போட்டோ இருக்கான்னு கேட்டேன். மாரியம்மன் தேர் சமயத்துல அங்க கூடற மாட்டுச்சந்தை, காங்கேயம் மாடுன்னா அது தான், தெரியாதவங்களுக்காக சொல்றேன். சித்தப்பாவோட பழைய நிக்கான்ல எடுத்தது, 300 போட்டோ கிட்ட இருந்துச்சு. முக்காவாசி எல்லாரும் எடுக்கறது தான், கொம்பு, திமில், தூசி, பெரியவர் மீசை. ஒரு போட்டோ மட்டும் நின்னுச்சு. ரெண்டு கை ஒரு துண்டுக்கு அடில இருக்கு, விரலப் பிடிச்சு விலை பேசறாங்க. தரகர் முகம் வேற எங்கயோ பாக்குது, விக்கறவர் தரைய பாக்கறாரு, பின்னாடி நிக்கற ஒரு பையன் மட்டும் வாய தொறந்துட்டு துண்டையே பாக்கறான். துண்டுக்கு கீழ என்ன நடக்குதுன்னு யாருக்கும் தெரியாது, போட்டோ பாக்கற நமக்கும் தெரியாது. எத்தன நேரம் நின்னன்னு கேட்டேன். "முக்கா மணி நேரம் சார், பேரம் படியல, அவரு மாட்ட திருப்பி ஓட்டிட்டு போயிட்டாரு"ன்னா. அப்பா திரும்பி பொண்ண பாத்தாரு. வருஷா வருஷம் அந்த சந்தைக்கு போறவரு அவரு, ஆனா இது அவருக்கு புதுசு. வெயில்ல முக்கா மணி நேரம் நிக்கறவளுக்கு இது மோகம் இல்லைங்க.

இப்ப வழிக்கு வரேன். விஸ்காம், அனிமேஷன், சினிமா இன்ஸ்டிட்யூட் இதெல்லாம் ஊர் பூரா சொல்றது தான், நான் சொல்ல வேண்டியதில்ல. யாரும் கண்டுக்காத ஒண்ணு இருக்கு, அரசு கவின் கலைக் கல்லூரி. சென்னைல ஒண்ணு, கும்பகோணத்துல ஒண்ணு. நாலு வருஷம், பிஎப்ஏன்னு கவின் கலைல இளங்கலை பட்டம். சென்னைல இருக்கறது எழும்பூர் பக்கம் பெரியமேடுல, 1850ல அலெக்சாண்டர் ஹண்டர்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்சது, நம்ம நாட்டுல கேமரா புதுசா வந்த காலத்துலயே அங்க போட்டோகிராபி சொல்லி குடுத்திருக்காங்க. மெரினால உழைப்பாளர் சிலை பாத்திருப்பீங்கல்ல, அத செஞ்ச தேவி பிரசாத் ராய் சௌத்ரி அங்க பிரின்சிபாலா இருந்தவரு. இத சொன்னதும் தான் மாமா நிமிந்து உக்காந்தாரு, சிலைன்னா மரியாத, போட்டோன்னா இல்ல போல.

ஒண்ண தெளிவா சொல்லிடறேன், அது போட்டோகிராபி டிகிரி இல்ல. பெயின்டிங், சிற்பம், டெக்ஸ்டைல், செராமிக், பிரின்ட்மேக்கிங், விஷுவல் கம்யூனிகேஷன் டிசைன்னு பிரிவு இருக்கு, இவளுக்கு கடைசி தான் பொருந்தும். சேர்க்கைக்கு ட்ராயிங் பாப்பாங்க, மார்க் மட்டும் வெச்சு உள்ள போக முடியாது. இவ ஒம்பதாவதுக்கு அப்பறம் பென்சில தொடல. அதனால நாளைக்கே ட்ராயிங் வாத்தியார பிடிங்கன்னு சொல்லியிருக்கேன், கை உருவம், மாட்டு உருவம், கூட்டம், தினம் ரெண்டு மணி நேரம். இந்த வருஷம் கிடைக்கலன்னா ஒரு வருஷம் பக்கத்து அரசு கலைக் கல்லூரில ஏதாச்சும் ஒரு பட்டப்படிப்புல உக்காந்துட்டு அடுத்த வருஷம் திரும்ப முயற்சி பண்ணட்டும், வருஷம் வீண்னு அழ வேண்டாம், அந்த ஒரு வருஷத்துல ஒரு சந்தைய முழுசா சுத்தி வந்திரலாம். ட்ராயிங் எதுக்குன்னு பொண்ணே கேட்டா. "கூட்டத்துக்குள்ள எந்த எடத்துல நின்னா எது பின்னாடி வரும்னு பாத்ததும் தெரியறதுக்கு தான், கண்ணு"ன்னேன்.

பீஸ் அரசு கல்லூரி பீஸ் தான், மெட்ராஸ்ல தங்கறது சாப்படறது தான் செலவே. புதுமைப் பெண் திட்டத்துல அரசு பள்ளில படிச்ச பொண்ணுங்களுக்கு மாசம் 1000 ரூபா வரும், 2022 செப்டம்பர்ல ஆரம்பிச்சது, கண்டிப்பா அப்ளை பண்ணுங்க. கேமரா புதுசு வேண்டாம், செகண்ட் ஹேண்ட்ல கேமரா பாடி ஒண்ணு, அம்பது எம்எம் லென்ஸ் ஒண்ணு, ரெண்டு மெமரி கார்டு, ஒரு ஹார்ட் டிஸ்க், மொத்தமா 40 ஆயிரத்துக்கு மேல போகாதீங்க. லென்ஸ் வாங்கணும்னு அவ கேக்கறப்ப எல்லாம் மொதல்ல எத்தன பிரின்ட் போட்டன்னு கேளுங்க.

பிரின்ட்னதும் ஞாபகம் வருது, சந்தைல வேலை செய்யறதுக்கு இது தான் சாவி. நாலுக்கு ஆறு பிரின்ட் என்ன, பத்து இருபது ரூபா. இந்த வருஷம் எடுத்த தரகர் படத்த அடுத்த சித்திரைல கைல குடுத்துப் பாரு, அவரே பக்கத்துல உக்கார வெச்சு யாரு யாரு எந்த ஊரு மாடுன்னு சொல்லுவாரு. பிரின்ட் இல்லாம வருஷா வருஷம் வந்து கிளிக் பண்ணிட்டு போறவங்க அவருக்கு ஈ மாதிரி.

அப்பறம் ஒரே சந்தைய பிடிச்சிட்டு தொங்க வேண்டாம். ஞாயித்துக்கிழம பழையகோட்டை சந்தை இருக்கு, வீட்டுல இருந்து பக்கம், அது பழகறதுக்கு. ஆடி மாசம் அந்தியூர் குருநாதசாமி கோவில் பண்டிகை, குதிரைக்கு பேர் போனது. தசராவுக்கு குலசேகரப்பட்டினம். மெட்ராஸ்ல சேந்துட்டா பொங்கல் சமயத்துல தீவுத்திடல் பொருட்காட்சி, காலேஜ்ல இருந்து பஸ்ஸே வேண்டாம், நடந்தே போயிரலாம். எனக்கு பிடிச்ச யோசனை என்னன்னா ராட்டினக்காரங்கள பிடிக்கறது. அவங்க ஒரு ஊர்ல இறக்கி மாட்டி, தேர் முடிஞ்ச ராத்திரியே போல்ட்ட கழட்டி லாரில ஏத்தி அடுத்த ஊருக்கு போறவங்க. சுத்தற ராட்டினத்த எல்லாரும் எடுத்தாச்சு, ஸ்லோ ஷட்டர் போட்டா லைட்டு வட்டமா வரும், அழகு தான், ஆனா அது காலண்டர் படம். கழட்டி தரைல கிடக்கற ராட்டினத்த, விடியக்காலைல ராட்டினப் பெட்டிக்குள்ளயே தூங்கற பையன எத்தன பேர் எடுத்திருக்காங்க? ஒரு கோஷ்டிய ஒரு வருஷம் பின்னாடியே போனா நாலு வருஷ டிகிரிக்கு அதுவே போர்ட்போலியோ.

ரெண்டு டெக்னிக்கல் விஷயம் அவளுக்கு மட்டும் சொன்னேன், இங்கயும் எழுதிடறேன். மயிலை மாட்ட, அதாவது வெளுத்த நிறத்து மாட்ட, பிரேம் நிறைய வெச்சா வெளிச்சத்த அளக்கற கேமரா மீட்டர் ஏமாந்து அழுக்கு சாம்பலா ஆக்கிரும், எக்ஸ்போஷர கொஞ்சம் ப்ளஸ்ல வெக்கணும். காரிக்கு, அதாவது கருத்த மாட்டுக்கு, நேர் எதிர். ராத்திரி கடைங்கள்ல எல்இடி லைட்டுல போட்டோ குறுக்க கோடு கோடா விழுதுன்னா கேமரா கெட்டுப் போகல, நம்ம கரண்ட் 50 ஹெர்ட்ஸ், ஷட்டர் ஸ்பீட 1/50லயோ 1/100லயோ வெச்சா பெரும்பாலும் சரியாயிரும். வீட்டுக்கு வந்ததும் அன்னைக்கே உக்காந்து ஊர், தேதி, யாரு, என்ன மாடு, என்ன விலை சொன்னாங்க, விலை படிஞ்சுதா இல்லையான்னு ஒவ்வொரு போட்டோவுக்கும் ரெண்டு வரி எழுதணும். பசங்க இத தான் செய்யறதில்ல. இத செய்யறவங்களுக்கு தான் வேலையும் இருக்கு.

வேலைன்னா என்ன வேலைன்னு அம்மா கேட்டாங்க, அது வரைக்கும் அவங்க பேசவே இல்ல. பாண்டிச்சேரி பிரெஞ்சு இன்ஸ்டிட்யூட்ல நம்ம ஊரு பழைய ஸ்டுடியோ போட்டோக்கள தேடித்தேடி டிஜிட்டல் பண்ணியிருக்காங்க, பிரிட்டிஷ் லைப்ரரி உதவியோட. படத்த எடுக்கறது, ஸ்கேன் பண்றது, விவரம் எழுதி அடுக்கறது, இதுக்கு ஆள் தேவைப்படுது, அதிகம் இல்ல, ஆனா தகுதியா வர்றவங்களும் அதிகம் இல்ல. பத்திரிகையாளர் சாய்நாத் 2014ல ஆரம்பிச்ச பாரிங்கற ஆவணக் காப்பகம் கிராமத்து வேலைகள பத்தி போட்டோவும் கட்டுரையுமா போடுது, அதுல வேலை செய்யற பழனி குமார் மதுரைக்காரர், அவங்க அம்மா மீன் வியாபாரம் பண்ணவங்க, 2022ல தயாநிதா சிங்-பாரி விருதுன்னு ஆரம்பிச்சப்ப மொத விருதே அவருக்கு தான். மேல படிக்கணும்னா காந்திநகர்ல நேஷனல் இன்ஸ்டிட்யூட் ஆப் டிசைன்ல போட்டோகிராபி டிசைன்னு முதுகலை இருக்கு. தொல்லியல் துறை மாதிரி இடங்கள்ல போட்டோகிராபர்னே போஸ்ட் உண்டு, எப்பவாச்சும் தான் கூப்பிடுவாங்க. இதெல்லாம் கிடைக்கற வரைக்கும் சோறு போடப்போறது கல்யாண போட்டோ தான், அத நான் மறைக்கல. மாசத்துக்கு ரெண்டு முகூர்த்தம் எடுத்துட்டு மிச்ச நாள் சந்தைக்கு போகட்டும், அதுல ஒண்ணும் கேவலம் இல்ல. ஐடி சம்பளம் மொத அஞ்சு வருஷத்துல வராது. அத தாங்க முடியுமான்னு தான் உங்க வீட்டுல உக்காந்து பேசணும், ஊர் என்ன சொல்லும்னு இல்ல.

பொம்பளப் புள்ள ராத்திரி தேர்க்கடைல நிக்கறதான்னு மாமா கடைசியா ஒண்ணு போட்டாரு. இது நியாயமான கேள்வி, சிரிக்க மாட்டேன். ராத்திரின்னா மொத வருஷம் யாராச்சும் கூட போங்க, மத்தபடி காலைல ஆறுல இருந்து ஒம்பது தான் வெளிச்சமும் நல்லா இருக்கும், பேரமும் சூடா இருக்கும். "அந்தியூருக்கு நீங்களே கூட்டிட்டு போங்களேன்"னேன் மாமாகிட்ட. அவரு ஒண்ணும் சொல்லல.

நேத்து அப்பா போன் பண்ணாரு. ட்ராயிங் வாத்தியார் காங்கேயத்துலயே கிடைச்சிட்டாராம், சனி ஞாயிறு. ஞாயித்துக்கிழமன்னா பழையகோட்டை சந்தை போயிருமே, நேரத்த மாத்த சொல்லுங்கன்னேன். மாமா இன்னும் கோவமா தான் இருக்காராம். ஆனா அந்தியூர்ல இந்த வருஷம் குதிரை என்னைக்கு இறங்குதுன்னு யார்கிட்டயோ விசாரிச்சிட்டு இருந்தாராம்.