கம்பளையில் பூத்தது சகுராவா?

கேள்வி: டவுனுக்குப் போகும் ரோட்டில் மார்ச் மாதம் ஒரு மரம் இலையே தெரியாமல் இளஞ்சிவப்பாகப் பூத்து நிற்கிறது. பிள்ளைகள் போட்டோ எடுத்து "நம்ம ஊர் சகுரா" என்று பேஸ்புக்கில் போடுகிறார்கள். அது ஜப்பான் செர்ரிதானா?
– வாசகி, கம்பளை

இல்லை அம்மா, நீங்கள் சொல்வதைப் பார்த்தால் அது ரொபரோசியா. மத்திய அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்த மரம். சந்தேகமாக இருந்தால் கீழே கிடக்கும் பூ ஒன்றைக் கையில் எடுத்துப் பாருங்கள், குழல் மாதிரி, வாய் விரிந்து, முழுப் பூவாகவே விழுந்திருக்கும். சகுரா அப்படி விழாது. அதற்கு ஐந்து இதழ், ஒவ்வொரு இதழின் நுனியிலும் சின்னதாக ஒரு வெட்டு, காற்றடித்தால் இதழ் இதழாகப் பிரிந்து பறக்கும். நிறமும் பிள்ளைகள் நினைக்கிற ரோஸ் இல்லை. ஜப்பானில் அதிகம் நட்டிருக்கும் சோமெய் யோஷினோ என்ற வகை கிட்டப் போய்ப் பார்த்தால் ஏறக்குறைய வெள்ளைதான்.

சகுராவின் மொட்டு முந்தைய கோடையிலேயே உருவாகித் தூங்கிவிடும், பல வாரம் தொடர்ந்து குளிர் பட்டால்தான் விழிக்கும், அப்புறம் சூடு ஏறினால் மலரும். நுவரெலியாவில் ஜனவரியில் புல்லெல்லாம் உறைபனி விழுந்தாலும் பத்து மணிக்கு வெயில் வந்துவிடுகிறது, கம்பளையில் அந்தக் குளிரும் கிடையாது. அதற்காக ரொபரோசியாவைக் குறைவாக நினைக்க வேண்டாம். அதன் சொந்தப் பெயரைப் போட்டே பிள்ளைகள் படம் போடட்டும்.

கேள்வி: ஒரு வாரத்தில் கொட்டிப்போகிற பூவுக்காக ஒரு நாடே ஏன் இப்படி அலைகிறது? நம் பெரியவர்கள் சொல்லும் நிலையாமைதானே இது?
– ஆசிரியர், ஹட்டன்

பாதி அதுதான் சேர், ஆனால் எனக்கு மற்றப் பாதிதான் பெரிதாகத் தெரிகிறது. நம் பக்கத்தில் நிலையாமை பேச ஆரம்பித்தால் 'ஆகவே பற்றை விடு' என்றுதான் முடிப்பார்கள், எத்தனை இழவு வீட்டில் கேட்டிருப்போம். ஜப்பானில் அதே பேச்சு வேறு பக்கம் திரும்புகிறது: நாளைக்கு இருக்காது, அதனால் இன்றைக்கே வா, மரத்தடியில் பாயை விரி, சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு வா, கூட உட்கார். இதற்குப் பெயர் ஹனாமி, அதாவது பூப் பார்த்தல். ஒன்று கடந்துபோவதைப் பார்க்கும்போது மனம் கசிகிறதே, அந்தக் கசிவை மோனோ நோ அவாரே என்பார்கள். அதைத் தங்கள் இலக்கியத்தின் உயிர் என்று விளக்கியவர் மோட்டோரி நொரினாகா (1730–1801). தன் கல்லறையில் ஒரு மலைச் செர்ரியை நட வேண்டும் என்று எழுதிவைத்துவிட்டுப் போனவர் அவர்.

ஆரம்பத்தில் ஜப்பானியர் கொண்டாடியது சீனாவிலிருந்து வந்த உமே என்ற பிளம் வகைப் பூவை. 812இல் சாகா சக்கரவர்த்தி கியோட்டோவில் சகுராவுக்கு விருந்து வைத்தார், அதன் பிறகு மெல்ல மெல்லப் 'பூ' என்று சும்மா சொன்னாலே சகுரா என்று ஆகிவிட்டது, நாம் 'பூ வாங்கி வா' என்றால் மல்லிகையோ கனகாம்பரமோ என்று புரிகிற மாதிரி. நெடுங்காலம் அது பெரிய இடத்து விருந்தாகவே இருந்தது. 1720 வாக்கில் ஷோகுன், அதாவது நாட்டை ஆண்ட படைத்தலைவர், யோஷிமுனே இன்றைய டோக்கியோவின் அசுகாயாமாவில் மரங்களை நட்டுச் சாதாரண சனத்துக்குத் திறந்துவிட்டார். எனக்கு இந்த வரலாற்றில் மிகப் பிடித்த இடம் அதுதான்.

சரி, எல்லா மரமும் ஒன்றாகப் பூத்து ஒன்றாகக் கொட்டுவது எப்படி? இதை ஹட்டன் பிள்ளைகளுக்கு விளக்குவது சுலபம். பழைய விதைத் தேயிலை மலையில் ஒவ்வொரு செடியும் ஒவ்வொரு மாதிரி நிற்கும். வீ.பி. மலையில் அப்படி இல்லை, ஒரே தாய்ச் செடியின் துண்டுகளை வெட்டி நட்டதால் கொழுந்தின் நிறம்கூட ஒரே மாதிரி. தலவாக்கலை தேயிலை ஆராய்ச்சி நிலையத்தின் '2025' என்ற இலக்கமுள்ள ரகம் எப்படியோ, சோமெய் யோஷினோவும் அப்படித்தான். ஷோகுன்கள் ஆண்ட எடோ காலத்தின் கடைசியில் சோமெய் என்ற கிராமத்துத் தோட்டக்காரர்கள் பரப்பிய மரம், ஒட்டுக் கட்டியே நாடு முழுக்கப் போய்விட்டது. அதனால் ஓர் ஊரில் ஒன்று பூத்தால் எல்லாம் பூக்கும். வானிலை அவதான நிலையம் குறித்துவைத்த மரத்தில் ஐந்தாறு பூ மலர்ந்ததும் 'பூத்துவிட்டது' என்று அறிவிக்கிறது, ஒரு வாரத்தில் முழுதாகப் பூக்கும், அடுத்த வாரத்துக்குள் கொட்டிவிடும். மழை வந்தால் அதுவும் இல்லை.

நீங்கள் ஆசிரியர் என்பதால் இன்னொன்று. ஜப்பானில் மார்ச்சில் பாடசாலைப் பிரியாவிடை, ஏப்ரலில் புது வகுப்பு, புதுக் கந்தோர் வேலையும் அப்போதுதான். ஒரு வாழ்க்கை முடிந்து இன்னொன்று தொடங்குகிற அந்த இரண்டு கிழமைக்குள்தான் டோக்கியோவில் பூவும் வருகிறது. முதல் நாள் பாடசாலை வாசலில், அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு, தலையில் இதழ் விழ நின்று எடுத்த படம் எத்தனையோ வீட்டு ஆல்பத்தில் இருக்கும்.

கேள்வி: சகுராவைத் தற்கொலை விமானிகளோடு சேர்த்துப் பேசுகிறார்களே, உண்மையா?
– வாசகர், பதுளை

உண்மை. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் விமானியை உள்ளே வைத்தே எதிரிக் கப்பல்மீது மோதவிடச் செய்த ஆயுதத்துக்கு 'ஓகா', செர்ரிப் பூ என்றே பெயர் வைத்தார்கள். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு, பூவைப் போல உதிர்வது அழகு என்று சொல்லிக் கொடுத்தார்கள். போர் பார்த்த நாட்டிலிருந்து இதைப் படிக்கும்போது எனக்கு நெஞ்சு அடைக்கிறது. பூவின் மேல் எந்தக் குற்றமும் இல்லை.

கேள்வி: மகன் ஜப்பானில் வேலை செய்கிறான். அங்கே ஒரு கல்யாண வீட்டில் தேநீருக்குப் பதில் பூப் போட்ட வெந்நீர் கொடுத்தார்களாம். தேநீர் குடிக்கிற நாட்டில் ஏன் இப்படி?
– ஒரு தாய், பண்டாரவளை

அது சகுராயு. ஜப்பானிய மொழியில் 'தேநீரைக் கலக்குவது' என்றால் நேராகப் பதில் சொல்லாமல் மழுப்புவது என்று அர்த்தம். கல்யாணப் பேச்சில் மழுப்பல் ஆகாதல்லவா, அதனால் நல்ல காரியங்களில் தேநீரைத் தவிர்த்து இதைக் கொடுப்பார்கள். அடுக்கு இதழ்ச் செர்ரிப் பூவை உமேப் புளிக்காடியிலும் உப்பிலும் ஊறவைத்திருப்பார்கள், கோப்பையில் போட்டு வெந்நீர் ஊற்றியதும் சுருண்டு கிடந்த பூ மெல்ல விரிந்து மேலே வரும். மகன் லீவில் வரும்போது ஒரு பாக்கெட் கொண்டுவரச் சொல்லுங்கள். உப்பு கடுமையாக இருக்கும், முதலில் தண்ணீரில் அலசிவிட்டுப் போடுங்கள்.