மிருக வைத்திய உதவியாளர் சம்பளம்: கொக்குவில் தங்கைக்குப் பதில்

வணக்கம் தங்கை. தனியார் மிருக வைத்திய நிலையத்தில் இரண்டு வருடங்களாக உதவியாளராக வேலை செய்தும், கழிவெதுவுமின்றி 28,000 ரூபாய்தான் தருகிறார்கள், இது நியாயமா என்று கேட்டிருந்தீர்கள்.

நியாயமில்லை, 2026 ஜனவரி முதல் இலங்கையின் குறைந்தபட்ச மாதச் சம்பளமே 30,000 ரூபாய். சம்பளத்தில் கழிவு இல்லையென்று ஆறுதலடையவும் வேண்டாம், உங்கள் பெயரில் சேமிப்பு நிதிகளுக்குப் பணம் கட்டப்படவில்லை என்றே அது காட்டுகிறது: ஊழியர் சேமலாப நிதிக்கு உங்கள் 8 வீதத்தோடு முதலாளி 12 வீதமும், நம்பிக்கை நிதிக்கு அவரே இன்னும் 3 வீதமும் செலுத்த வேண்டும் என்பதால், 30,000 ரூபாய்க்கு மாதம் 4,500 ரூபாயை நீங்கள் இழக்கிறீர்கள்.

அதற்கு மேல் சம்பளத்தை உயர்த்துவது கைத்திறன்தான். மிரண்டு உதறும் நாயை அணைத்து, நாளம் புடைத்துத் தெரியும்படி அதன் முழங்கை மடிப்பைப் பெருவிரலால் அழுத்திப் பிடிக்கத் தெரிந்தவரை எந்த வைத்தியரும் இலகுவில் இழக்க விரும்பமாட்டார். முதலில் நியமனக் கடிதம் கேளுங்கள். மறுத்தால், தொழில் திணைக்களத்தின் யாழ்ப்பாண அலுவலகத்தில் முறையிடுங்கள்.